கடலைத்தோல் கரி: ஒருவழியாகத் தெளிந்தது, ஆனால்...

போன வாரம் கடலைத்தோல் கரியைக் கழுவிய பதினோராவது வாளித் தண்ணீரும் கறுப்பாகவே வடிந்தது. வாஷிங் மெஷின் தண்ணீரைக் கரியில் வடித்து வாழைக்கு விடலாம் என்று கிளம்பியவன், கரியைக் கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

சுடுவதில் குறையே இல்லை. பெயிண்ட் டின்னில் தோலை நிரப்பி மேலிருந்து தீ வைப்பது, எல்லாம் வழக்கம்போலத்தான். மஞ்சள் தழல் அடங்கிக் குட்டையாக நீலம் ஓடும்போது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். முதல் தடவை டீ குடிக்கப் போனேன், பாதி டின் சாம்பல்.

தப்பு நடந்தது இடிப்பதில். ஈரத்தோடு இடித்து அப்படியே வாளியில் போட்டுவிட்டேன். தூள் சேறாகி ஒவ்வொரு துண்டிலும் அப்பிக்கொண்டது. இந்தத் தடவை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, லேசாக நொறுக்கி, ரவைச் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மட்டும் எடுத்தேன். (மூக்கில் துணி கட்டாமல் சலிக்காதீர்கள். மறுநாள் வரை கறுப்பாகச் சீந்தினேன்.) ஐந்தாவது வாளியில் அடி தெரிந்தது! பிஎச் தாள் மட்டும் 9, அதாவது காரத்தன்மை, காட்டியது. சாம்பல் உப்பு. ஒரு ராத்திரி வினிகர் தண்ணீரில் ஊறப்போட்டு அலசியதும் இறங்கியது.

அப்புறம் கரி சாயத்தைப் பிடிக்கிறதா என்று சோதனை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம், ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு, ஒரு பிடி கரி. முக்கால் மணி நேரத்தில் நீலம் போயே போச்சு. தெருவுக்கே காட்டினேன்.

அந்தத் திமிர் சாயங்காலம் வரைதான். திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மாமா பையன் ஒரு பாட்டில் சிவப்புச் சாயத்தண்ணீர் கொண்டுவந்தான். ராத்திரி முழுக்க ஊறியும் அதே சிவப்பு. மெத்திலீன் ப்ளூ நேர்மின்னேற்றம், கரியின் மேல்பரப்பு எதிர்மின்னேற்றம், அதனால் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிவப்போ பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம். அதுவும் எதிர்மின்னேற்றம்தான், எப்படி ஒட்டும்? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரும் அசையவில்லை. கரைந்த உப்பைக் கரி தொடாது, வாழைக்கோ உப்பு ஆகாது.

தேங்காய்த் தொட்டிக்கரி இவ்வளவு நொறுங்காது. ஆனால் காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைக் கரி சுடுபவர்களே அள்ளிக்கொண்டு போகிறார்கள். கடலைத்தோலோ கடலை உடைக்கிற மில்லில் சும்மா கிடைக்கிறது, சாக்கு மட்டும் நம்முடையது.

இரும்பு ஏற்றிய கரி இந்தச் சாயத்தைப் பிடிக்குமாம். சர்க்யூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடு ஒரு பாக்கெட் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவிட்டேன். வடிகட்டிக்கு எடுத்துவைத்த கேனில் இன்னும் ஓட்டைகூடப் போடவில்லை.