வாலைப் பார்த்து வாசியுங்கள்: எலும்பு டாக்டர் சீட்டில் இருக்கும் சொற்கள்

நம் குமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளத்தில் எடுத்தாலும், மார்த்தாண்டத்தில் எடுத்தாலும், திருவனந்தபுரத்துக்கே போய் எடுத்தாலும் ஸ்கேன் ரிப்போர்ட் முதலில் நம் கைக்குத்தான் வருகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் வீட்டில் ஒருவர் போனில் தேடிப் பயந்துபோவார், இன்னொருவர் எண்ணெய் காய்ச்சத் தொடங்கிவிடுவார். அந்த இரண்டு நாளுக்குத்தான் இந்தப் பதிவு.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கமும் லத்தீனும் ஒட்டிச் செய்தவை. தலை, எந்த உறுப்பு என்று சொல்லும். ஆஸ்டியோ என்றால் எலும்பு, ஆர்த்ரோ என்றால் மூட்டு, காண்ட்ரோ குருத்தெலும்பு, மையோ தசை, டெனோ தசையை எலும்போடு கட்டும் தசைநாண், ஸ்பாண்டிலோ முதுகெலும்புக் கணு. எங்கே வலிக்கிறது என்பது நமக்கே தெரியும் என்பதால் தலையில் புதிதாக ஒன்றும் இல்லை. வாலில்தான் விஷயம். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் மூட்டு விஷயத்தில் பெரும்பாலும் தேய்மானம். ‘ஆல்ஜியா’ வெறும் வலி. காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘மலேசியா’ மென்மையாகிப்போவது, ‘லிஸ்தசிஸ்’ நழுவுவது.

ஆபரேஷன் பெயர்களிலும் இதே கணக்குதான். மூன்று சொல்லுக்கும் தலை ‘ஆர்த்ரோ’வாக இருந்தாலும், ஆர்த்ரோஸ்கோப்பி என்றால் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு மூட்டுக்குள் பார்ப்பது. ஆர்த்ரோபிளாஸ்டி என்றால் மூட்டைச் சீரமைப்பது. முழங்கால் முட்டுக்குச் சொன்னால் பெரும்பாலும் செயற்கை மூட்டு வைப்பது. ஆர்த்ரோடெசிஸ் என்றால் இரண்டு எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடுவது. அதற்குப் பிறகு அந்த மூட்டு மடங்காது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வாலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அதிகம் குழப்பம் நடப்பது முதுகெலும்பில். பிடரி வலி வந்த பாதிப் பேர் “எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்” என்கிறார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் ஸ்பாண்டிலோசிஸ் என்றுதான் இருக்கும். அது வயதோடு வரும் தேய்மானம். வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தெரியும். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வேறு நோய். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும். காலையில் எழுந்தால் குறுக்கு, அதாவது இடுப்புப் பக்க முதுகு, அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும்; நடந்தால் குறையும், படுத்துக் கிடந்தால் கூடும். தேய்மான வலி இதற்கு நேர்மாறு: வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் தணியும். இளவயதில் குறுக்கு வலி மாதக்கணக்கில் இப்படி நீடித்தால் ருமட்டாலஜி (மூட்டு அழற்சி, வாத நோய்) டாக்டரைப் பார்க்க வேண்டும். பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு வருடங்களைக் கடத்தக் கூடாது.

ஸ்பாண்டிலோலிஸ்தசிஸ் என்றால் ஒரு கணு கீழ்க் கணுவின் மேல் முன்னால் நழுவியிருக்கிறது. கிரேடு 1 என்றால் 25 சதவீதம் வரை, கிரேடு 2 என்றால் 50 வரை, கிரேடு 3 என்றால் 75 வரை. முதல் கிரேடுக்கு ஆபரேஷன் இல்லாமலே உடற்பயிற்சியோடு சமாளிப்பவர்கள் ஏராளம். கணுக்களின் எண்ணிக்கை: கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, குறுக்கில் 5. நெஞ்சுப் பகுதியை ஒரு சென்டரில் தொராசிக் என்றும் இன்னொரு சென்டரில் டார்சல் என்றும் எழுதுவார்கள். தொராசிக் 12, டார்சல் 12 இரண்டும் ஒரே எலும்பு. நோய் இடம் மாறிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

கணுக்களுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்கு நான்கு சொல், ஏறுவரிசையில்: பல்ஜ், புரோட்ரூஷன், எக்ஸ்ட்ரூஷன், சீக்வெஸ்ட்ரேஷன். பல்ஜ் என்றால் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசிச் சொல்லுக்குத் துண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் எது இருந்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் தசைநாண், தசைநார், ரத்தக்குழாய் எல்லாமே ‘நரம்பு’தான். டாக்டரிடம் “நரம்பு இழுக்குது” என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பயன்படாது. மரத்துப்போகிறதா, எரிகிறதா, ஷாக் அடித்தது போல ஓடுகிறதா? அது நரம்பு. கணுக்கால் கரண்டை மடங்கி வீங்கியதா? அது எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார், லிகமென்ட். சீட்டில் ஸ்ப்ரெயின் என்று வரும். பாரம் தூக்கும்போது பிடித்துக்கொண்டால் தசை, ஸ்ட்ரெயின். ரப்பர் பால் வெட்டுகிறவர்களைப் போல மணிக்கட்டை ஓயாமல் திருப்பி வேலை செய்பவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் வலித்தால் டெனோசைனோவைட்டிஸ் என்று எழுதலாம். பெயர்தான் நீளம், தசைநாண் உறையில் அழற்சி என்று அர்த்தம்.

சீட்டில் நீளத்தில் இரண்டு, குறுக்கில் இரண்டு கோடு போட்ட ஹேஷ் குறி இருந்தால் அது எலும்பு முறிவு. ஹேர்லைன் என்றால் நாம் சொல்லும் பொட்டல், மெல்லிய விரிசல். டிஸ்பிளேஸ்டு என்றால் விலகியிருக்கிறது, காமினியூட்டட் என்றால் பல துண்டு, ஓபன் என்றால் தோல் கிழிந்து முறிவு வரை புண். மால்யூனியன் கோணலாகக் கூடியது. நான்யூனியன் கூடவே இல்லை.

குழந்தையின் முழங்கை விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து முழங்கை வீங்கினால் எக்ஸ்ரே எடுக்காமல் தடவக் கூடாது. வர்ம ஆசான்மார் நிறைந்த ஊர் நம்முடையது; விவரம் தெரிந்த ஆசானே முதலில் படம் எடுத்துவரச் சொல்வார். சீட்டில் சுப்ராகாண்டைலர் என்று இருந்தால் முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. அதைப் பிடித்து உருவினால் அடிபட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளரலாம். அதன் பெயர் மையோசிட்டிஸ் ஆசிஃபிகன்ஸ், வந்தால் கை மடங்காது. மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினாலும், மாவுக்கட்டே இறுகினாலும், ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்து விரல்கள் சுருண்டுவிடலாம். இதை 1881இல் விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் பெயராலேயே வோல்க்மன் கான்ட்ராக்சர் என்கிறார்கள். கட்டிய பிறகு வலி குறையாமல் கூடுவது, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே பிள்ளை அலறுவது, விரல் வெளிறிச் சில்லிடுவது, மரத்துப்போவது: இவைதான் அடையாளம். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், அது கடைசியில்தான் நிற்கும். தப்பைக் கட்டோ துணிக்கட்டோ என்றால் உடனே முழுவதும் தளர்த்திவிட்டு ஓடுங்கள். மாவுக்கட்டு என்றால் ஆஸ்பத்திரியில் வெட்டித் திறப்பார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் செத்த தசை திரும்பாது.

எலும்பு அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்தி குறைந்திருக்கிறது; மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், எளிதில் முறியும் அளவு குறைந்துவிட்டது. ஆஸ்டியோமலேசியா வேறு, பெரும்பாலும் வைட்டமின் டி குறைவால் வருவது, மருந்தும் வேறு.

கடைசியாகத் திசைச் சொற்கள். மீடியல் உள்பக்கம், லேட்டரல் வெளிப்பக்கம், பிராக்ஸிமல் உடலுக்கு அருகில், டிஸ்டல் விரல் நுனிப் பக்கம். ரிப்போர்ட்டை வாங்கியதும் பெயர், வயது, வலதா இடதா என்று கவுண்டரிலேயே சரிபாருங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குவது எளிது. டாக்டரிடம் போகும்போது தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஃபிலிமோ சிடியோ கூட வேண்டும், பழைய ஃபிலிம் இருந்தால் அதுவும்.