'எஸ்' என்னும் ஓரெழுத்து

26.01.2022, புதன்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கைப்பேசியில் செய்தியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. லினக்ஸில், யாருக்கு எந்த அனுமதி என்று முடிவுசெய்யும் போல்கிட் என்ற பகுதியோடு வரும் பீகேஎக்ஸெக் நிரலில் பாதுகாப்பு ஓட்டை, எண் சிவிஇ-2021-4034. சர்வரில் சாதாரண அக்கவுண்ட் வைத்திருக்கும் எவரும் கடவுச்சொல் இல்லாமலே ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆகிவிடலாம். குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் நேற்றிரவு வெளியிட்டிருக்கிறார்கள். 2009-இல் வந்த முதல் பதிப்பிலேயே இந்த ஓட்டை இருந்திருக்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரித் துறையின் இரண்டு சர்வர்களுக்குள்ளும் சத்துவாச்சாரி வீட்டிலிருந்தபடியே போனேன். புதியதில் உபுண்டு 20.04, பேட்ச் வந்திருந்தது, போட்டுவிட்டேன். பழையதில் 16.04. அதற்கான பொது ஆதரவு சென்ற ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், பேட்ச்சுக்குக் காத்திருக்காமல் கோப்பின் உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 0755 கொடுத்து, யார் இயக்கினாலும் அந்த நிரலை ரூட்டாகவே ஓடவிடும் செட்யூஐடி உரிமையை எடுத்துவிட்டேன். உரிமைகளைக் காட்டும் வரியில் முன்பு 'ஆர்டபிள்யூஎஸ்' என்றிருந்த இடத்தில் இப்போது 'ஆர்டபிள்யூஎக்ஸ்'; செட்யூஐடியைக் குறிக்கும் அந்த 'எஸ்' போய்விட்டது. அப்போது மணி 5.52.

சென்ற ஆண்டும் இதே குடியரசு நாளில்தான், ரூட்டாகக் கட்டளை இயக்க உதவும் சுடோ நிரலின் ஓட்டை வெளியானது. அது 2011-இலிருந்து இருந்தது.

27.01.2022, வியாழன்

5.52-க்கு முன்?

28.01.2022, வெள்ளி

இன்று முழுவதும் குவாலிஸின் விளக்க அறிக்கையைத்தான் படித்தேன். ஒரு நிரலை அழைக்கும்போது அதன் பெயரே பட்டியலின் முதல் சொல்லாகப் போகும். பட்டியலை வெறுமையாக அனுப்பினால் என்ன ஆகும் என்பதை பீகேஎக்ஸெக் எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நிரல் எண்ணிக்கையைச் சரிபார்க்காமல் இரண்டாம் இடத்தைப் படிக்கிறது. பட்டியல் அதற்கு முன்பே முடிந்துவிட்டபடியால், அங்கே கிடைப்பது சூழல் மாறிகளில், அதாவது அழைப்பவர் நிரலுக்குக் கொடுத்தனுப்பும் அமைப்புகளில், முதலாவது. படித்ததோடு நில்லாமல் அதே இடத்தில் திரும்ப எழுதவும் செய்கிறது. ரூட் உரிமையோடு ஓடும் நிரலுக்குள் வரக்கூடாதென்று வாசலிலேயே நீக்கப்பட்ட மாறி, இப்படி எழுதப்படுவதால் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது. பிறகு பிழைச்செய்தி ஒன்றை வேறு எழுத்துக்குறிமுறைக்கு மாற்றப் போகும் வேளையில், அந்த மாறி காட்டும் இடத்திலுள்ள கோப்பு ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுகிறது. நினைவகத்தைக் குத்துமதிப்பாகத் தாக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் தவறாமல் வேலை செய்யும். ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கர்னல் வெறுமையான பட்டியலை ஏற்பதே இல்லை என்பதால் அங்கே இந்தத் தாக்குதல் பலிக்காது. அந்த ஒரு வரிக் கவனம் நம்மிடம் இல்லாமல் போயிற்றே என்று மனம் ஆறவில்லை.

சர்வரில் நடப்பவை பதிவாகும் லாகில் தேடினேன். இந்த வழியில் நுழைந்தவர் 'ஷெல்' மாறியைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றை விட்டுச்செல்லக்கூடும். ஆனால் தடயமே இல்லாமலும் நுழையலாம் என்று அறிக்கையே சொல்கிறது. மேலும் என்னிடம் இருப்பவை நான்கைந்து வாரத்துப் பதிவுகள். பழைய சர்வர் 2016-இலிருந்து ஓடுகிறது.

29.01.2022, சனி

ஒரு மாணவரின் ஹோம் கோப்புறைக்குள் 'ஜிகான்வ்_பாத்=.' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. வாசலில் நீக்கப்பட்டு மறுபடியும் உள்ளே வரும் அந்த மாறியின் பெயர்தான் ஜிகான்வ்_பாத். அந்தப் பெயரில் யாரும் தற்செயலாகக் கோப்புறை உருவாக்க மாட்டார்கள். உருவான நேரம் 26-ஆம் தேதி, அதிகாலை 4.10. பழைய சர்வரில்.

ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

30.01.2022, ஞாயிறு

கொரோனாவுக்கான ஞாயிறு ஊரடங்கு இந்த வாரம் இல்லை. காட்பாடிக்குப் போய் லேபில் உட்கார்ந்து அந்த மாணவருக்கு அழைத்தேன். கல்லூரி மூடியதிலிருந்து குடியாத்தத்தில் வீட்டிலிருக்கிறார். நான் கேட்டு முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டார். "ஆமா சார், செஞ்சு பாத்தேன். ரூட்னு வந்துச்சு. பயந்துட்டு உடனே வெளிய வந்துட்டேன். வேற எதையும் தொடல சார்." குரல் நடுங்கியது. துறைத்தலைவரிடம் சொல்லிவிடுவீர்களா என்று இரண்டு முறை கேட்டார். புதிதாக ஒன்றைக் கண்டதும் செய்து பார்க்கத் துடிக்கும் வயது. அவர் சொன்னதை நான் நம்புகிறேன். மற்றவர்கள் அக்கவுண்டுகளையும் வீட்டுப்பாடங்களையும் திறந்து பார்க்க அந்த நேரம் போதுமென்றாலும், அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவரை நம்புவது வேறு, அந்த இயந்திரத்தை நம்புவது வேறு. அவர் தம் கோப்புறையை அழிக்காமல் விட்டதனால்தான் எனக்குத் தெரிந்தது; அழித்துவிட்டுப் போனவர் யாரேனும் உண்டா? ரூட் ஆன ஒருவர் லாகையும் திருத்தலாம், நான் இயக்கிப் பார்க்கும் கட்டளையையே மாற்றி வைத்துவிட்டும் போகலாம். அப்படியிருக்க, எதைக் கொண்டு எதைச் சரிபார்ப்பேன்?

31.01.2022, திங்கள்

மறுபடியும் 'ஆர்டபிள்யூஎக்ஸ்' என்றுதான் இருக்கிறது. காலையில் மூன்று முறை பார்த்தேன்.

துறைத்தலைவரிடம் பெயரைச் சொல்லவில்லை. பழைய சர்வரை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை மாணவர்கள் திரும்புகிறார்கள், இப்போது எதற்கு என்று கேட்டார். நாளை திரும்புகிறார்கள் என்பதற்காகத்தான் என்றேன். கையெழுத்திட்டார்.

மாணவர்களின் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செட்யூஐடி குறியுள்ளவை, நிரலாக இயங்கக்கூடியவை எதையும் எடுக்கவில்லை. இரவு பதினொன்றரை ஆகிறது, பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டது.

01.02.2022, செவ்வாய்

நிறுவல் முடிந்தது. எல்லாருக்கும் புதிய கடவுச்சொல். குடியாத்தத்து மாணவர் காலையிலேயே வந்து லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். செட்யூஐடி குறியுள்ள கோப்புகளை எப்படித் தேடி எடுப்பது என்று காட்டி, வந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஏழாவது வரியில் நிறுத்தி, "சார், இது எதுக்கு ரூட்டா ஓடணும்?" என்று கேட்டார்.