‘வி’க்கு இடமில்லாத படிவம்

“தம்பி, இதில ‘வி’ எங்க கிடக்கு?”

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேசன் கடை. பக்கத்தில் நின்ற அன்ரி போனை நீட்டினார். ஏதோ ஒரு ஒன்லைன் பதிவு. அடையாள அட்டை இலக்கம் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எண்கள் மட்டும் உள்ள கீபோர்ட்தான் எழும்புது.

அவரிடம் இருப்பதோ பழைய அட்டை. 9 இலக்கம், கடைசியில் ஆங்கில எழுத்து ‘வி’ (V).

அதை விட்டுவிட்டு அழுத்தினோம். சிவப்பில் “தவறு” என்று வந்தது. என்ன தவறு? சொல்லாது. மேலே நிரப்பியதும் எல்லாம் போச்சு.

எழுத்தில்லாத 12 இலக்க அட்டை இலங்கையில் 2016இல்தான் வந்தது. இதைச் செய்தவர் அதற்குப் பிறகு அட்டை எடுத்த பிள்ளையாக்கும்.

யூஎக்ஸ் டிசைன், அதாவது பாவிக்கிறவருக்குச் சுலபமாக வடிவமைப்பது, என்றால் நிறமும் பட்டனும்தான் என்று எங்கட கம்பனிகளில் இன்னும் பலர் நினைக்கினம். ஐந்து பேரிடம் பாவிக்கக் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று இந்தத் துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அந்த ஐந்தில் ஒரு அன்ரி இருந்தால் போதும், முதல் நிமிசத்திலேயே பிடித்திருப்பார். ஒரு பிளேன்ரீயோடு முடிகிற செலவு.

கீபோர்டை மாற்றுவது புரோகிராம் கோடில் ஒரு வரி வேலை.