முப்பது பெட்டிக்காக ஒரு சிலிக்கோன் அச்சு

மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியில் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சென்னையில் தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். உள்ளே ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டு, ஒரு குட்டித் திரை, அவ்வளவுதான். பெட்டிதான் தலைவலி. கடைப் பெட்டியில் திரைக்கு ஜன்னல் அறுத்தால் பார்க்கச் சகிக்காது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் உலோக அச்சுக்கே (டை) லட்சக்கணக்கில் போய்விடும். முப்பது பெட்டிக்குக் கட்டுப்படியாகாது. 3டி பிரிண்டரில் அடிக்கலாம், ஆனால் முப்பதையும் யார் உட்கார்ந்து தேய்ப்பது? ஒன்றை மட்டும் ஒழுங்காகத் தேய்த்து, அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப் பிளாஸ்டிக்காகும் பாலியூரித்தேன் ரெசினில் வார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பாதி உழைப்பு அந்த ஒரு மூல மாதிரியிலேயே (மாஸ்டர்) போயிற்று. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் பிரைமரை அடித்து, 220, 400, 800 என்று வரவர நைசான வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். சிலிக்கோன் எதையும் விட்டுவைக்காது. பிரைமர் காயுமுன் பட்ட விரல் ரேகைகூட எல்லாப் பெட்டியிலும் வந்து நிற்கும்.

சிலிக்கோனில் வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் டின் க்யூர் வகை மலிவு, ஆனால் நாளாக ஆகச் சுருங்கும். மூடியும் அடியும் கச்சிதமாகப் பொருந்த வேண்டுமே என்று பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் பிளாட்டினம் க்யூர் வகையை வாங்கினேன். அதற்குக் கந்தகம் ஆகவே ஆகாது. கந்தகம் கலந்த கிளேயோ லேடெக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். அதனால் கந்தகமில்லாத கிளே, நைட்ரைல் கையுறை.

பெட்டியின் உட்குழிவைக் கிளேயால் நிரப்பி, வெளிப்பக்கத்துக்கு முதலில் ஊற்றினேன். இறுகியதும் புரட்டி, கிளேயைத் தோண்டி எடுத்து, முதல் பாதியின் மேல் மெல்லிசாக வாசலின் தடவி, உட்பக்கத்துக்கு ஊற்றினேன். வாசலின் இல்லையென்றால் இரண்டு பாதியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. போர்டு உட்காரும் தூண்களுக்கு, அச்சிலேயே ஊசி நிறுத்தி 3 மி.மீ. திருகு ஏறும் மரையுள்ள பித்தளைக் குழலை (எம்3 இன்சர்ட்) மாட்டிவிட்டேன். ரெசின் இறுகும்போது அதுவும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது.

அப்புறம்தான் ஐப்பசி மழை வேலையைக் காட்டியது. ரெசினின் ஒரு பாகம் ஐசோசயனேட். காற்றின் ஈரம் பட்டாலே கார்பன் டை ஆக்சைடை விடும். வந்த பெட்டிகள் ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தன. வேலையை ஏசி அறைக்கு மாற்றினேன். அளந்து எடுத்த கையோடு டப்பாவை மூடினேன். கலக்குவதற்கு மரக்குச்சியை விட்டுப் பிளாஸ்டிக் குச்சி, ஏனென்றால் மரத்திலும் ஈரம் இருக்கும். மூடிய அறை என்பதால் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் போட்டுக்கொண்டேன். கலந்தபின் கையில் இருப்பது மூன்று நிமிஷம்தான், அதற்குள் ஊற்றியாக வேண்டும்.

மிச்சக் குமிழிகளை நசுக்க, பெயின்டர்களின் பிரஷர் டேங்கில் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் வைத்து இறுக விட்டேன். குக்கரே போதுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வீட்டுக் குக்கர் 15 பிஎஸ்ஐ சுமாருக்குச் செய்தது. அதில் 40 ஏற்றினால் அது பாத்திரம் இல்லை, வெடிகுண்டு.

பிசிறை பிளேடால் வழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் இந்த மாதிரி ரெசின் 50 டிகிரி வாக்கிலேயே இளகும், தீயையும் தாங்காது. அதனால் அடுப்பை விட்டுத் தள்ளி மாட்டும் திரைக்கு மட்டுமே இந்தப் பெட்டி. மொட்டைமாடி சென்சாருக்கும், 230 வோல்ட் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ரிலேவுக்கும் கடையில் கிடைக்கும் தீத்தடுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிதான்.