எட்டுப் பின் பூட்டு

மார்ச் 2, 2024, சனி, சுங்கை சிப்புட், மலேசியா

கடை சாத்துகிற நேரத்தில் டோபிக் கடை அண்ணன் வந்தார். காசு போட்டுத் துவைக்கும் மெஷின் ஆறு வைத்திருக்கிறார். ஆறின் காசுப் பெட்டிக்கும் ஒரே சாவி, வட்டச் சாவி. அதை வைத்திருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், போனும் எடுப்பதில்லை. லைசென்ஸ், அடையாள அட்டை இரண்டையும் பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். தெரிந்த முகம்தான். ஆனாலும் பூட்டு திறக்கிற தொழிலில் முகத்தை நம்பக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் போனேன். செம்பனைத் தோட்டத்துப் பையன்கள், பாதிப் பேர் வங்காளதேசம், பாதிப் பேர் நேப்பாளம், வாரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்த முடியாது, ஓடும்போதே பார்த்தேன்.

வட்டப் பூட்டு என்றால் நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி வளையமாகப் பின்கள், ஸ்பிரிங் வைத்த சின்ன உலோகக் குச்சிகள். சாவியின் குழாய் விளிம்பில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு பின்னையும் அதனதன் ஆழத்துக்குத் தள்ளும். எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் திரும்பும். சிகாகோவில் 1930களிலேயே வந்துவிட்ட வகை. சாவி இல்லாமல் இதைத் திறக்க, பின்னுக்கு ஒரு கம்பி வைத்த குழாய்க் கருவி உண்டு. என்னிடம் 7.8 மில்லிமீட்டர் விட்டம், ஏழு பின் கருவி இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும். இன்று வாயிலேயே முட்டி நின்றது, உள்ளே போகவில்லை.

"தம்பி, டிரில் போட்டுடலாமா?" என்றார் அண்ணன். ஒரு பெட்டியை டிரில் போட்டால் மிச்சம் ஐந்துக்கும் போட வேண்டும், ஆறு புதுப் பூட்டும் வாங்க வேண்டும். மெதுவாகத் திறந்தால் கருவியின் கம்பிகள் நின்ற ஆழத்தை அளந்து ஒரு சாவி வெட்டலாம், மற்றவையும் திறந்துவிடும். கணக்கைச் சொன்னதும் சரி என்றார்.

வெர்னியர் அளவுகோலைப் பூட்டின் வாயில் வைத்தேன், விட்டம் 7.0. ஷாப்பி ஆன்லைன் கடையில் 7.0 கருவிக்கு அன்றைக்கே ஆர்டர் போட்டேன், 58 வெள்ளி (ரிங்கிட்).

மார்ச் 9, சனி

பார்சல் வந்தது. உள்ளே அழகாகப் போகிறது, ஆனால் எதிலும் பிடிமானமே இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு... எட்டு. மறுபடி எண்ணினேன், அதே எட்டு. ஏழு கம்பிக்கும் எட்டுப் பின்னுக்கும் இடமே ஒத்துப்போகாது. விட்டம் அளக்கத் தெரிந்தவனுக்கு எண்ணத் தெரியவில்லை. இதை அண்ணனிடம் சொல்லவில்லை, "கருவி சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது, சாயங்காலம் ரோட்டில் கூட்டம். எட்டுப் பின், 7.0 கருவி தேடுவதே ஒரு வேலை. ஏழு பின் எங்கும் கிடைக்கிறது, எட்டு அரிது, பத்துப் பின் அதைவிட அரிது. அதிலும் தண்டின் ஓரத்தில் இருக்கும் மூக்கு, சாவி எந்தத் திக்கில் நுழைய வேண்டும் என்று காட்டுமே, அது சில பூட்டுகளில் பின்களுக்கு நேராக இல்லாமல் இடமோ வலமோ தள்ளியிருக்கும். அதற்கு வேறு கருவி. இந்த முறை பூட்டைப் படம் எடுத்து, அளவும் எண்ணிக்கையும் மூக்கும் கேட்டு எழுதிய பிறகே பணம் கட்டினேன். 120 வெள்ளி. வீட்டுக்காரி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வியாழன்

அண்ணன் போன். அவர் மகன் பால்பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பூட்டில் அழுத்தித் திருகியிருக்கிறான். அமெரிக்காவில் சைக்கிள் பூட்டைப் பேனாவால் திறந்து காட்டிய 2004 கதையை எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்தப் பூட்டின் குழாய் அளவும் பேனாவின் அளவும் ஒத்துப்போயின, பிளாஸ்டிக் பின்னுக்கு ஏற்றபடி குழிந்துகொடுத்தது. இங்கே அளவே வேறு. பின்களுக்கு மேல் பிளாஸ்டிக் துணுக்குதான் மிச்சம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், முக்கால் மணி நேரம். கடைசித் துணுக்கு அரிசி நொய் அளவு.

மார்ச் 19, செவ்வாய்

கருவி வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் கடையைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லாம் கருவியின் கம்பிகளைப் பிடித்துவைக்கும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. இறுக்கிவிட்டால் கம்பிகள் பின்களை அளவுக்கு மேல் தள்ளிவிடும், தளர்த்திவிட்டால் ஸ்பிரிங் கம்பிகளைத் திருப்பித் தள்ளிவிடும். முதல் நான்கு முறை இறுக்கம். அப்புறம் வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்தி, இடது கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே வலது கையால் மெல்ல மெல்ல அழுத்தினேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, உள்ளங்கைக்குத் தெரியும்படி ஒரு நெகிழ்வு. திரும்பியது.

கருவியை அப்படியே சாவி போலப் பிடித்து முழுதும் திருப்பினேன். இந்தக் கருவி இல்லாமல் ஒவ்வொரு பின்னாகத் தள்ளித் திறந்திருந்தால் கொஞ்சம் திரும்பியதும் பின்கள் அடுத்த குழியில் விழுந்து மறுபடி பூட்டிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளையத்தை இறுக்கிக் கம்பிகளின் நீளத்தை ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டேன்.

மார்ச் 23, சனி

எட்டுப் பின் வெற்றுச் சாவி ஈப்போவில் ஒரே கடையில் கிடைத்தது. மூன்று வெட்டினேன். முதல் ஐந்து மெஷினும் ஒரே திருப்பில் திறந்தன. ஆறாவது திறக்கவே இல்லை. டார்ச் அடித்து எண்ணினேன், ஏழு பின். வெர்னியர் 7.8 காட்டியது.

"ஆமா தம்பி, அது போன வருஷம் உடைஞ்சு போய்ப் புதுப் பூட்டு போட்டோம், மறந்தே போச்சு" என்றார்.

வேனிலிருந்து பழைய கருவியை எடுத்து வந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்கும் தனியா காசு எடுப்பியா?" என்று கேட்டபடியே ஐம்பது காசு நாணயங்களை ஒரு வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார்.