சுவரேறி விழுந்த சித்தப்பா
எங்க குடும்பச் சண்டைக்குக் காரணம் என்னன்னு யாராச்சும் கேட்டா வெளிய சொல்லவே வெக்கமா இருக்கும், ஒரு முருங்கை மரம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தாத்தா வீட்ட பாகம் பிரிச்சப்ப மரம் அப்பா பக்கமும் காய் பூரா சித்தப்பா பக்கமும் போயிருச்சு, அப்புறம் நடுவுல ஒரு சுவர் வந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே கட். அவசரம்னா பாட்டிதான் போஸ்ட் ஆபீஸ்.

அந்தப் பாட்டிக்கு முடியலன்னு நான் சென்னை வேலைய விட்டுட்டு வந்து சிவகாசில ஒரு பிரஸ்ல சேந்தேன். அங்கதான் அவரு, சாத்தூர்க்காரரு. டெய்லி காலண்டர்ல ராகு காலம், எமகண்டம் எல்லாம் சரியா இருக்கான்னு சேந்து உக்காந்து புரூஃப் பாத்தோம், ஊர் உலகத்துல பீச்சு பார்க்குன்னு லவ் பண்ணுவாங்க, நாங்க கரிநாளுக்கும் சூலத்துக்கும் நடுவுல பண்ணோம்.

பொண்ணு பாக்க ஞாயித்துக்கிழமை வந்தாங்க. 4.30க்கு ராகு காலம், 3 மணிலருந்து குளிகை, குளிகைல பொண்ணு பாத்தா திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டே இருக்கணும்னு அவரு வேற மெசேஜ் போட்டு பயமுறுத்துறாரு. சித்தப்பாவையும் கூப்பிடுங்கன்னு அம்மா சொன்னதுக்கு அப்பா "யாரு அது?"ன்னுட்டாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அவங்க அப்பா பால்கோவாவ வாயில வைக்கிற வரைக்கும். "திகட்டுதே... எங்க ஊரு காராசேவுன்னா ஒரு படி உள்ள போவும்"னாரு. மனுஷன் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாரு. அப்பாவுக்கு முகம் மாறிருச்சு, ஆனா பொண்ணப் பெத்தவராச்சே, பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம், "யாருய்யா திகட்டுதுன்னது?"

அவ்ளோ நேரமும் காத வச்சு கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு! வாசல் வழியா வரலாம்ல? ஸ்டூல் போட்டு சுவரேறி முருங்கைக் கொப்பப் புடிச்சாரு. முருங்கைக் கொப்பு யாரத் தாங்கும்? பொத்துன்னு எங்க பக்கம் விழுந்து, எந்திரிச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா சம்பந்தி முன்னாடி நின்னாரு. "அண்ணாச்சி, பாலும் சீனியும் தவிர ஒன்னும் சேக்கிறதில்ல, விறகடுப்பு முன்னாடி நின்னு கிண்டிப் பாத்திருக்கீங்களா? 2019லயே புவிசார் குறியீடு வாங்குன சரக்கு!"

"அப்படிச் சொல்லுடா தம்பி"ன்னு அப்பா எந்திரிச்சிட்டாரு. "தமிழ்நாடு அரசு முத்திரைல இருக்கறது எங்க ஊரு கோபுரம், உங்க ஊரு சேவு இல்ல!"

அவங்க அப்பாவும் விடல, வைப்பாத்துத் தண்ணி, கரிசக்காட்டு வத்தல்னு ஆரம்பிச்சுட்டாரு. நான் அவரப் பாக்குறேன், அவரு கடிகாரத்தப் பாக்குறாரு, மணி 4.20. நல்லவேளை அவங்க அம்மா தட்ட வழிச்சு முடிச்சுட்டு "பொண்ணப் புடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க மதினி"ன்னாங்க.

இப்ப அண்ணனும் தம்பியும் ஒரே வண்டிலதான் சுத்துறாங்க. போன வாரம் பால்கோவாவக் குடுத்து சாத்தூரையே மடக்கிட்டு வர்றோம்னு கெளம்பிப் போனாங்க. திரும்பி வந்ததும் சித்தி வண்டிப் பெட்டியத் தொறந்தா ரெண்டு கிலோ காராசேவு, அதுல ஒரு பொட்டலம் பாதி காலி. "அண்ணன்தான் வாங்குச்சு"ன்னு சித்தப்பா, "தம்பி ஆசப்பட்டான்"னு அப்பா.