தொங்குபாலம் கடந்து திருக்கண்டம்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஏறி வந்ததும், ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி வலப்புறப் பள்ளத்தைக் காட்டினார். இடப்பக்கத்திலிருந்து பாகீரதியும் வலப்பக்கத்திலிருந்து அலகநந்தாவும் இறங்கி வர, நடுவில் நீட்டிக்கொண்டிருந்த பாறைமுனையின் காலடியில் இரண்டும் கலந்து, கங்கை என்ற பெயரைப் பெற்றுக்கொண்டு கீழே போயின. புரட்டாசி முதல் வாரமாகையால் அலகநந்தா மழைச்சேற்றைச் சுமந்து கலங்கியிருக்க, பாகீரதியோ பாசிப்பச்சையாகத் தெளிந்திருந்தது. ஆர்ப்பரிக்கும் பாகீரதியை மாமியார் என்றும், அடங்கி வரும் அலகநந்தாவை மருமகள் என்றும் இவ்வூரார் சொல்வதுண்டு. மேலே டெஹ்ரியில் 260 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி, வண்டலையும் வேகத்தையும் அங்கேயே தேக்கிக்கொண்டபின் மாமியாரின் குரல் இறங்கிவிட்டது போலும். நாங்கள் சென்ற அன்று மருமகளின் சத்தமே ஓங்கிக் கேட்டது.

தேவப்பிரயாகை என்று உலகம் வழங்கும் இந்த ஊர்தான் பெரியாழ்வார் பதினொரு பாசுரங்களால் மங்களாசாசனம் செய்த திருக்கண்டமென்னும் கடிநகர். ஆழ்வார்கள் பாடிய வைணவத் தலங்களான நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்றான இதனைப் பெரும்பாலான யாத்திரைக் குழுக்கள் சாலையிலிருந்தே கும்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அடுத்த ஊரைப் பிடிக்க ஓடுவது எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. எங்களை அழைத்து வந்தவர்களும் இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, தாமிரபரணியில் முழுகாமல் பொழுது விடிந்ததாக எண்ணாத என் அம்மா, "பெருமாளைச் சேவிக்காமல் நான் வண்டியில் ஏறுவதாக இல்லை" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருப் படிகளில் இறங்கத் தொடங்கியதால், குழு முன்னே போக நாங்கள் இருவரும் தங்கிவிட்டோம். அந்தப் பிடிவாதத்துக்கு நான் இன்றளவும் கடன்பட்டிருக்கிறேன்.

பேருந்து நிற்கும் கரையிலிருந்து கோயில் இருக்கும் கரைக்குச் செல்லப் பாகீரதியின் மேலே தொங்குபாலம் இருக்கிறது. அதில் கால் வைத்ததும், எதிரே வருபவரின் நடை நம் உள்ளங்காலுக்குத் தெரிகிறது. ஆள் கூடக்கூட ஆட்டமும் கூடுகிறது. அம்மா ஒரு கையால் கம்பியையும் மறுகையால் என் முழங்கையையும் பற்றிக்கொண்டு, கீழே பார்க்காமல் எதிர்க்கரைக் கோபுரத்தை மட்டும் பார்த்தபடி அடிமேல் அடி வைத்து நடந்தார். பாதிவழியில் காற்று வீசியபோது பேச்சு நின்று, உதடு மட்டும் அசைந்தது. இரும்புப் பாலம் வருவதற்கு முன்னர் இம்மலைநாட்டில் புல்லைத் திரித்த கயிற்றுப் பாலங்களே இருந்தன என்பதையும், அவற்றில் தலைச்சுமையோடு பத்ரிக்குப் போய் வந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் அந்த நடுப்பாலத்தில் நினைத்துக்கொண்டேன். 1893இல் மலை சரிந்து பிரஹி கங்கையை அடைத்ததால் உண்டான கோனா ஏரி, 1894 ஆகஸ்டில் உடைத்துக்கொண்டு வந்தபோது, அலகநந்தாக் கரையிலிருந்த ஸ்ரீநகர் என்ற ஊர் அழிந்துபோயிற்று. தந்தி மூலம் முன்னரே எச்சரித்து மக்களை மேட்டில் ஏற்றியிருந்தமையால் உயிர்ச்சேதம் மட்டும் மிகக் குறைவு. ஆழ்வாரும் இந்தக் கங்கையைச் சாதுவாகப் பாடவில்லை. மலை அதிர, தரை பிளக்க, கரைமரங்களை மோதிச் சாய்த்துக்கொண்டு கடலே கலங்கும்படி இறங்குகிற ஆறு என்றுதான் பாடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்திருந்தவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பார்க்காமலா பாடியிருப்பார்?" என்றார் அம்மா, பாலத்தின் மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டே.

தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் இடம் என்பதே அடிப்படைப் பொருள். நம்முடைய துறை என்ற சொல்லும் ஓடம் விடும் இடத்தையும் நீராடும் இடத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. சங்கமத் துறையில் இறங்கியபோது அது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை. இழுப்பு அத்தனை கடுமையாக இருப்பதால் படிகளில் சங்கிலி பிணைத்திருக்கிறார்கள். நீராடுவோர் அதைப் பற்றிக்கொண்டே முழுக வேண்டும். அம்மா மூன்றாம் படிக்குமேல் இறங்கவில்லை. சொம்பால் மொண்டு தலையில் விட்டுக்கொண்டவர், முதல் சொம்புக்கு வாய்விட்டுக் கத்தினார், இரண்டாவதற்குச் சிரித்தார், பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டார்.

துறையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் ரகுநாதர் கோயில். கூம்பிய கற்கோபுரமும் மரத்தாலான மேற்கூரையும் கொண்ட மலைநாட்டுக் கட்டுமானம். 1803ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்றுப் பின்னர் குவாலியர் மன்னர் தௌலத் ராவ் சிந்தியாவின் கொடையால் செப்பனிடப்பட்டது என்பர். இராவணனை வதைத்த பழி நீங்க இராமபிரான் இங்கே தவமிருந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. கருவறையில் கருங்கல் திருமேனியாக நின்ற கோலத்தில் சேவை சாதிக்கும் பெருமாளை நாம் நீலமேகர் என்றும் புருஷோத்தமன் என்றும் அழைக்கிறோம், தாயார் புண்டரீகவல்லி. நெய்விளக்கின் ஒளியில் முதலில் கண்கள் மட்டுமே தெரிந்தன. பிறகு தோளும் மார்பும் மெல்ல மெல்லத் துலங்கின. அம்மா பாசுரத்தைத் தொடங்கியதும் அர்ச்சகர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு, முடியும்வரை திரையில் வைத்த கையை எடுக்காமல் காத்திருந்து, பிறகு துளசி தந்தார்.

கோயிலின் பின்புறப் பாறையில் பிராமி எழுத்தில் பல பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த யாத்திரிகர்களின் பெயர்கள் அவை. வந்தவர் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் இன்றும் இவ்வூரில் தொடர்வது வேறொரு வகையில். யாத்திரிகர்களுக்குச் சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்களான பத்ரிநாத்தின் பண்டாக்கள் குடியிருப்பது தேவப்பிரயாகையில்தான். அவர்களுள் பலருடைய முன்னோர்கள் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்களைத் திண்ணையில் அமர்த்திய முதியவர், "எந்த ஊர் அம்மா?" என்று தமிழிலேயே கேட்டு, சிவப்புத் துணி சுற்றிய நீண்ட பேரேட்டை எடுத்துவந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் முன்னர் வந்ததில்லை. ஆகவே தேடுவதற்கு ஒன்றுமில்லை. புதிய பக்கத்தில் அப்பாவின் பெயரையும், திருச்சியைத் தாண்டிப் போயிராத பாட்டியின் பெயரையும் அம்மா முதலில் எழுதினார். அதன்கீழே தம்முடையது, என்னுடையது. வந்த இடம் என்று ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்க, பெரியவர் தலையசைத்தார். ஈரக்கூந்தலிலிருந்து தாளில் சொட்டிய நீரை முந்தானையால் ஒற்றிவிட்டு, "கண்டமென்னும் கடிநகர்" என்று எழுதிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.